ரேகன்ஸ்புர்க்கில் இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கள்

டான்யூப் நதியில் சுற்றுலாக் கப்பல் விடும் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

போன மே மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நியூரம்பர்க்கில் கப்பல் ஏறினேன், புடாபெஸ்ட் வரை எட்டு நாள் பயணம். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை, பெரும்பாலும் உங்கள் எல்லோருடைய நிரலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. அறையிலோ சாப்பாட்டிலோ குறையே இல்லை. சைவம் என்று சொன்னதும் சமையல்காரரே மேசைக்கு வந்து அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டுவிட்டுப் போனார். நான் எழுத வந்தது ஜெர்மனியின் ரேகன்ஸ்புர்க் நகரில் கழித்த அந்த ஒரு காலையைப் பற்றி.

ஒன்பது மணிக்குக் கரையில் இறக்கிவிட்டீர்கள், பன்னிரண்டுக்குள் திரும்ப வேண்டும், மதியச் சாப்பாடு கப்பலில், ஒரு மணிக்குப் புறப்பாடு. கி.பி. 179-இல் ரோமானியர் எழுப்பிய கோட்டையின் வாசல் இன்னும் ஒரு கட்டடச் சுவருக்குள் நிற்கிற ஊர் அது. 1663-லிருந்து 1806 வரை, ஜெர்மானிய நாடுகளைச் சேர்த்து ஆண்ட புனித ரோமப் பேரரசின் மன்றம் கூடிய மண்டபம் அங்கேதான் இருக்கிறது, வானியல் அறிஞர் கெப்லர் இறந்ததும் அந்த ஊரில்தான். அதற்கு மூன்று மணி நேரம்! உருண்டைக் கல் பாவிய தெருக்களில் முழங்கால் வலியோடு அம்மா மெதுவாகத்தான் நடந்தார். காதில் மாட்டிய கருவியில் வழிகாட்டியின் குரல் திடீரெனக் கரகரக்கும், விட்டுவிட்டுக் கேட்கும். அவர் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிட்டார் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

கடைசியில் நொய்ஃபார்பிளாட்ஸ் என்ற சதுக்கத்தில் இருபது நிமிடம் விட்டார்கள். தரையோடு தரையாக வெள்ளைக் கட்டுமானம், படிபோலவும் திண்ணைபோலவும் இருந்தது. குழந்தைகள் அதன்மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். நானும் அம்மாவும் அதில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்.

அன்று இரவு கப்பல் பாசாவ் நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, அறையில் படுத்தபடி கைப்பேசியில் படித்த பிறகுதான் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பது தெரிந்தது. அந்தச் சதுக்கம் முழுக்க ஒரு காலத்தில் யூதர் குடியிருப்பு. 1519 ஜனவரியில் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் இறந்ததும், அதுவரை இருந்த பாதுகாப்பு போய்விட்டது என்று பார்த்து, பிப்ரவரியிலேயே நகர மன்றம் அவர்களை ஊரைவிட்டுத் துரத்தியது. ஜெபக்கூடத்தை இடித்தார்கள். அவர்களுடைய கல்லறைக் கற்களைப் பிடுங்கி வீட்டுச் சுவர்களில் பதித்தார்கள், இன்றும் சில அங்கே இருக்கின்றன. ஓவியர் ஆல்ட்டோர்ஃபர் அந்த நகர மன்றத்தில் இருந்தவர். இடிபடுவதற்கு முன் ஜெபக்கூடத்தைப் பார்த்து அவர் செதுக்கிய இரண்டு படங்கள் மட்டும் தப்பின. 1990-களின் அகழாய்வில் அடித்தளம் கிடைத்த பிறகு, இஸ்ரேலியச் சிற்பி டானி கரவான் அந்த ஜெபக்கூடத்தின் வடிவத்தையே வெள்ளை நிறத்தில் தரையில் வடித்து வைத்தார், 2005-இல். நாங்கள் திண்ணை என்று நினைத்தது அதைத்தான்.

அங்கே உட்கார்ந்தது தப்பு என்று நான் சொல்லவில்லை, மக்கள் வந்து சந்திக்கிற இடமாகத்தான் கரவானும் அதை நினைத்தார். ஆனால் தெரியாமல் உட்கார்ந்துவிட்டு வந்தோமே. அம்மாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு நிமிஷம் எழுந்து நின்னிருப்பேனே" என்றார். அதைக் கேட்டதிலிருந்து இந்த மடலை எழுத வேண்டும் என்று மனதில் இருந்தது.

வழிகாட்டியின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பன்னிரண்டு மணிக்குள் முப்பது பேரைத் திரும்பச் சேர்க்க வேண்டிய ஒருவரால் எதைத்தான் சொல்ல முடியும்? நேரத்தை வகுத்தது நீங்கள்தான். அதனால் ஒன்று கேட்கிறேன், ரேகன்ஸ்புர்க்கில் அன்றிரவு வரைக்குமாவது கப்பலை நிறுத்துங்கள். மதியச் சாப்பாட்டை ஊரிலேயே சாப்பிடச் சொல்லுங்கள், அதற்கான தொகையைக் கட்டணத்தில் கழித்துவிடுங்கள். கல் பாலத்தடியில் கரி அடுப்பில் சாசேஜ் வாட்டும் பழைய கடை ஒன்று இருக்கிறது, அதன் சுவரில் வெள்ளம் ஏறிய உயரத்தை ஆண்டுவாரியாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் குழுவில் பலர் அந்த வாசனைக்கு நின்றார்கள், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். ஊர்க்காரர்களுக்கு நம்மிடமிருந்து மிஞ்சுவது தெருக்களில் நெரிசல் மட்டும் என்றால் அது நியாயமா?

அப்புறம், மெதுவாக நடப்பவர்களுக்குத் தனிக் குழு வையுங்கள். 1146-இல் கட்டி முடித்த அந்தப் பாலத்தின் நடுவில் நின்று, தூண்களுக்கிடையே தண்ணீர் சுழித்துச் சீறுவதைப் பார்க்க அம்மாவுக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

செப்டம்பரில் மறுபடி போகிறோம், இந்த முறை நியூரம்பர்க்கிலிருந்து ரயிலில், இரண்டு இரவு தங்குவதாக. முதலில் அந்தச் சதுக்கத்துக்குத்தான். உங்கள் குழு ஏதாவது அங்கே வந்து, வழிகாட்டி அந்த வெள்ளை நினைவிடத்துக்குப் பக்கத்தில் நின்று பேசினால், நாங்களும் பின்னால் நின்று கேட்போம்.