யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் சைலன்சர் வேலை பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு

வணக்கம்ங்க.

பத்து நாளாக நம் பட்டறையைப் பற்றி ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கோவையில் பழைய வண்டி வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்காவது வந்திருக்கும். எனக்கே நான்கு பேர் அனுப்பி "என்னங்கண்ணா இது?" என்று கேட்டுவிட்டார்கள். நம்மிடம் ஆர்எக்ஸ் 100-க்குச் சைலன்சர் மாற்றிய ஒருவர் அதில் பேசுகிறார், இரண்டு புகார்கள். சைலன்சர் மாற்றிய பிறகு பிக்கப் போய், பிஸ்டனும் சூடேறிச் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டது என்பது ஒன்று. அவருடைய ஒரிஜினல் சைலன்சரை நாங்கள் விற்றுவிட்டோம் என்பது இன்னொன்று.

இரண்டாவதை முதலில் சொல்கிறேன், தூக்கம் கெட்டது அதனால்தான். ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-இல் நின்றுவிட்டது. வண்டியோடு வந்த சைலன்சர் இன்றைக்கு என்ன விலை போகும், அதை வைத்திருப்பவருக்கு அது எப்படிப்பட்ட பொருள் என்பது எனக்குத் தெரியாதா? அதனால்தான் கழற்றுகிற ஒவ்வொரு சைலன்சரிலும் வண்டி எண்ணைப் பெயின்டில் எழுதி, சாக்கில் சுற்றிப் பரணில் வைக்கிறோம். அவருடையது இந்த நிமிடமும் அங்கேதான் இருக்கிறது. வண்டி எடுக்க வந்த அன்று, "இதில் வைத்துக் கொண்டுபோக முடியாது, அப்புறம் காரில் வந்து எடுத்துக்கறேன்" என்று அவரே சொன்னார். நோட்டில் கையெழுத்தும் போட்டிருக்கிறார். தீபாவளிக்கு முன்பு ஒரு தடவை, பொங்கல் முடிந்து ஒரு தடவை போன் செய்தோம். போன வாரம் பையனிடம் சைலன்சரைக் கொடுத்து வீட்டுக்கே அனுப்பினேன், வீடு பூட்டியிருந்ததால் திருப்பிக் கொண்டுவந்தான். இருபத்திரண்டு வருடமாக இதே ஷெட்டில் இருக்கிறேன், அடுத்தவர் வண்டியின் ஒரு வாஷரைக்கூட எடுத்ததில்லை.

சரி, பிக்கப் விஷயத்துக்கு வருகிறேன். ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சரின் வேலை சத்தத்தை அடக்குவது மட்டுமல்ல, அது எஞ்சினில் பாதி. புல்லட்டைப் போலப் புகையை வெளியே விட வால்வு கிடையாது, சிலிண்டர் சுவரில் இருக்கிற வாசல்களைப் பிஸ்டனே திறந்து மூடும். புகை போகிற வாசல் மூடுவதற்கு முன்பே புதுப் பெட்ரோல்-காற்றுக் கலவை வருகிற வாசல் திறந்துவிடும், அதனால் கொஞ்சம் கலவை எரியாமலே வெளியே ஓடும். சைலன்சருக்குள் விரிந்து பிறகு குறுகுகிற கூம்பு இதற்காகத்தான் இருக்கிறது. விரிகிற இடத்தில் உண்டாகிற அலை பழைய புகையை இழுக்கும், குறுகுகிற இடத்தில் மோதித் திரும்புகிற அலை வெளியே வந்த கலவையைத் திரும்பச் சிலிண்டருக்குள் தள்ளும். ஆர்எக்ஸ் 100-இன் 11 குதிரைத்திறன் கிடைப்பது 7500 ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு 7500 தடவை சுற்றும்போது. அந்த வேகத்தில் ஒரு சுற்றுக்கு 8 மில்லி செகண்டுதான், அதிலும் புகைவாசல் திறந்திருப்பது ஏறக்குறைய பாதி நேரம். அதற்குள் அலை போய்த் திரும்பிவிட வேண்டும். குழாயின் நீளத்தைக் குறைத்தால் பவர் இன்னும் மேல் ஆர்பிஎம்முக்குப் போய்விடும். செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் அது நல்லது, காந்திபுரம் சிக்னலில் 3000, 4000-இல் ஓட்டுகிறவருக்கு வண்டி இழுக்கவே இழுக்காது. சைலன்சருக்குள் சத்தத்தை அடக்குகிற பஃபிளை மட்டும் உருவினால் சத்தம்தான் கூடும், காது அதை வேகம் என்று நம்பிவிடும். போலீஸ் பிடித்தால் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இதோடு ஏர் பில்டரையும் கழற்றச் சொல்வார்கள். அப்போது காற்று கூடிப் பெட்ரோல் குறையும், கலவை வறண்டு பிஸ்டன் சூடேறும். பிளக் காப்பி நிறத்தில் இல்லாமல் வெளுத்திருக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற மெயின் ஜெட்டைப் பெரிதாக்கி, ஓட்டிப் பார்த்து, பிளக்கைக் கழற்றிப் பார்த்து, மறுபடி மாற்றி என்று அரை நாள் பிடிக்கிற வேலை அது. அவர் வண்டி அன்று ஜெட் மாற்றாமல் போய்விட்டது, எங்கள் செலவில் சிலிண்டரைக் கடைந்து (போர் போட்டு) புது பிஸ்டன் மாட்டிக் கொடுத்தோம். பெரிய மெக்கானிக் துபாய் கிளம்பிய வாரம் அது.

புல்லட்டில் இவ்வளவு சிக்கல் இல்லை. பழைய புல்லட்டின் 346 சிசி எஞ்சின் கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுக்கும், சைலன்சரைத் திறந்துவிட்டால் மேல் ஆர்பிஎம்மில் கொஞ்சம் பவர் கூடும், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், பவர் போய்விட்டது என்று வருகிற ஆர்எக்ஸ்களில் பெரும்பாலானவற்றுக்குப் புதுச் சைலன்சரே தேவையில்லை. பழைய சைலன்சரில் அடைத்திருக்கிற கரியை எடுத்து, கிராங்க் சீலையும் (கிராங்க் பக்கம் காற்று கசியாமல் அடைக்கிற ரப்பர்), ரீட் வால்வையும் (கலவை உள்ளே வருகிற பக்கத்துத் தகடு) பார்த்தாலே வண்டி பழையபடி பறக்கும். இனிமேல் அதைச் செய்து பார்க்காமல் எந்த வண்டிக்கும் சைலன்சர் மாற்ற மாட்டோம். மாற்றினால் ஜெட்டும் ஓட்டிப் பார்ப்பதும் சேர்த்துத்தான், அதற்குக் கூலி 1,200-இலிருந்து 1,800 ஆகிறது, வண்டி கிடைக்கக் கூடுதலாக ஒரு வாரம் ஆகும்.

இந்தப் பதிவைக் கேட்ட பிறகும் வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு "நீங்க பாருங்கண்ணா" என்று சாவியைக் கொடுத்துப் போனவர்களுக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. 2020-இல் பட்டறை பூட்டிக் கிடந்தபோது, செய்யாத வேலைக்கு முன்பணம் அனுப்பி மூன்று பையன்களுக்குச் சம்பளம் கிடைக்க வைத்தவர்கள் நீங்கள். பொள்ளாச்சியிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வழியில் பத்துப் பட்டறை தாண்டி வருகிறீர்கள். ரொம்ப நன்றிங்க.

பரணில் இன்னும் பதினொரு சைலன்சர் இருக்கிறது. உங்களுடையது இருந்தால் ஆர்சி காட்டி எடுத்துப் போங்கள். ஞாயிறு தவிர மற்ற நாள் காலை ஒன்பதரைக்குத் திறந்திருப்போம்.