ஆகஸ்ட் 14 ஆவணப்படத் திரையிடல்

தோழிகளுக்கு வணக்கம்.

‘தி அப்பாலஜி’ (2016) ஆவணப்படத்தை ஆகஸ்ட் 14 மாலை 5.30 மணிக்கு நம் பழைய மாணவியர் சங்க அரங்கில் திரையிடுகிறோம். இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய ராணுவம் பாலியல் அடிமைகளாக வைத்திருந்த கொரிய, சீன, பிலிப்பைன்ஸ் பாட்டிகள் மூவர் இதில் பேசுகிறார்கள். அவர்களில் கில் வொன் ஓக், சியோலில் ஜப்பான் தூதரகத்தின் முன் புதன்தோறும் நடக்கும் போராட்டத்தில் தள்ளாத வயதிலும் வந்து உட்கார்ந்தவர். 1991இல் இதே நாளில்தான் தென்கொரியாவில், அப்படி அடிமையாக வைக்கப்பட்டிருந்த கிம் ஹாக் சுன் என்ற பெண் முகத்தை மறைக்காமல் தனக்கு நேர்ந்ததைச் சாட்சி சொன்னார். அவசியம் வாருங்கள்.

1. வருவோர் 10ஆம் தேதிக்குள் இங்கே பெயர் கொடுங்கள்.
2. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வேண்டாம்.
3. பார்க்க முடியாமல் எழுந்து போக நேர்ந்தால் தயங்காதீர்கள். யாரும் காரணம் கேட்க மாட்டோம்.
4. சப்டைட்டில் ஆங்கிலத்தில்தான். தமிழில் சொல்லித்தர முன்வருபவர் எனக்குத் தனியே எழுதுங்கள்.

– செயலாளர்