பிள்ளை இருக்கை இல்லாமல் வந்த வண்டி: பயணக் கட்டணத்தை முழுமையாகத் திருப்பித் தரக் கோரும் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

ஜூன் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மலாக்கா போய்வர, ஏழு பேர் அமரும் வண்டியையும் ஹோட்டலையும் சேர்த்து உங்களிடம் பதிவு செய்திருந்தேன். மகளுக்கு ஐந்து வயது. மகனுக்கு இன்னும் இரண்டு முடியவில்லை. எங்களுக்குச் சொந்தக் கார் கிடையாது, அதனால் வீட்டில் சைல்ட் சீட்டும் கிடையாது. அதற்காகவே இரண்டு சீட்டுக்கும் தனிக் கட்டணம் கட்டினேன். மகனுக்குப் பின்பக்கம் பார்த்துப் பொருத்தும் சீட், மகளுக்கு பூஸ்டர், இரண்டும் தயார் என்று உங்கள் அலுவலகம் வாட்ஸ்அப்பில் உறுதி சொன்னது. அதன் படத்தை இணைத்துள்ளேன்.

அன்று காலை ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே வந்து நின்ற வண்டியில் பூஸ்டர் மட்டுமே இருந்தது. கேட்டதற்கு ஓட்டுநர், "டாக்சியில சீட்டா போடுறாங்க? சின்னப் பையன்தானே, மடியில வச்சுக்குங்கக்கா" என்றார். அலுவலகத்தை அழைத்தேன். அங்கிருந்தும் அதே பதில். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனை வேறு.

சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளைக் காரில் அவர்களுக்கேற்ற இருக்கையில்தான் உட்கார வைக்கவேண்டும். டாக்சிக்கு விலக்கு உண்டு, தனியார் வாடகைக் காருக்குக் கிடையாது. மலேசியாவிலும் 2020 முதல் பிள்ளை இருக்கை கட்டாயம். இதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டிய நிலை வந்திருக்கக்கூடாது. துவாஸ் சோதனைச்சாவடியைத் தாண்டி மலேசியாவுக்குள் போனதும் மலாக்கா வரைக்கும் பெரும்பாலும் நெடுஞ்சாலைதான், மணிக்கு 110 கிலோமீட்டர் வரை போகலாம். அந்த வேகத்தில் ஒரு மோதல் நடந்தால் எந்தத் தாயின் கையும் பிள்ளையைப் பிடித்து நிறுத்தாது. ஒரே பெல்ட்டுக்குள் இருவரும் இருந்தால், என் உடம்பின் பாரம் முழுவதும் அவன்மேல்தான் விழும். இந்த வயதில் தலை பெரிது, கழுத்து இளசு. பின்பக்கம் பார்த்த சீட்டில் அதிர்ச்சியை முதுகு முழுவதும் வாங்கிக்கொள்ளும் என்பதால்தான் அந்த வகை சீட்டைக் கேட்டிருந்தேன்.

நெடுநேரம் காக்கவைத்த பிறகு வேறொரு வண்டியில் ஒரு சீட் வந்தது. மகனை அதில் உட்காரவைத்து வாரை மாட்டினால் பூட்டு விழவில்லை. உள்ளே பிஸ்கட் துகள் காய்ந்து இறுகிக் கிடந்தது. அழுத்தினால் பாதி உள்ளே போகும், லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும். ஓட்டுநர் பையிலிருந்து ஒரு நைலான் கயிற்றை எடுத்து, கட்டிவிடட்டுமா என்று கேட்டார். விபத்து நடந்தால் கயிற்றை அவிழ்த்துப் பிள்ளையை வெளியே எடுப்பது யார்? அந்த இடத்திலேயே வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஓட்டுநரை நான் குறை சொல்லவில்லை. கையில் கொடுத்து அனுப்பியதைத்தான் அவர் கொண்டுவந்தார். சரிபார்த்து அனுப்பியிருக்க வேண்டியது உங்கள் அலுவலகம்.

மலாக்கா செட்டிகளின் பொய்யாத விநாயகர் கோயில் 1781-ல் கட்டியது. அதைப் பார்க்கவேண்டும் என்பது என் மாமியாரின் நெடுநாள் ஆசை. பட்டுப்புடவையை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தவரிடம், போகவில்லை என்று சொல்ல எனக்கு மனமே வரவில்லை. மகள் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு மின்தூக்கிக்குத் திரும்பினாள்.

இவ்வளவுக்கும் பிறகு, "வாடிக்கையாளர் அன்றைய தினமே ரத்து செய்ததால் பணம் திரும்பக் கிடைக்காது" என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறீர்கள். இதை நான் ஏற்கவில்லை. ஒப்புக்கொண்ட சேவையை நீங்கள் தரவில்லை. நான் ரத்து செய்யவில்லை, பாதுகாப்பில்லாத வண்டியில் ஏற மறுத்தேன்.

வண்டி, ஹோட்டல், சீட் வாடகை எல்லாம் சேர்த்து முழுத் தொகையும் எனக்கு வரவேண்டும். பழுதான அந்த சீட்டை இனி எந்தக் குடும்பத்துக்கும் அனுப்பமாட்டோம் என்று எழுத்துமூலம் உறுதியும் வேண்டும். 14 நாள்களுக்குள் பதில் இல்லையென்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடுவேன். அடுத்து, 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை விசாரிக்கும் சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்திலும் மனு செய்வேன்.

தொகை என் வங்கிக் கணக்கில் வரவேண்டும். அடுத்த பயணத்துக்கான தள்ளுபடிப் பற்றுச்சீட்டு வேண்டாம்.

இப்படிக்கு,
இரு பிள்ளைகளின் தாய்,
ஈசூன்