ஒருமுறைக் கருவிகள் குறித்து

அறுவை அரங்கக் குழுவினருக்கு வணக்கம்.

‘எல்லாவற்றையும் ஒருமுறைக் கருவிகளாக, அதாவது ஒருமுறை பயன்படுத்தி எறிபவையாக, மாற்றிவிடலாமே’ என்ற யோசனைக்குப் பதில் இது.

ஊசி, சிரிஞ்சு, கத்தி அலகு ஆகியவற்றில் பேச்சுக்கே இடமில்லை, ஒருமுறைதான். உறையில் வட்டத்துக்குள் 2 என்ற எண்ணும் அதன்மேல் குறுக்குக் கோடும் இருந்தால், அதைக் கழுவி மறுபடி எடுக்கக் கூடாது.

ஆனால் நல்ல எஃகுக் கத்தரிக்கோலையும் இடுக்கியையும் ஒரே நாளில் குப்பையில் போட எனக்கு மனம் ஒப்பவில்லை. முறையாகக் கழுவி, ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலன்) 134 டிகிரி செல்சியஸ் நீராவியில் குறைந்தது 3 நிமிடம் வைத்தால் அவை ஆண்டுக்கணக்கில் உழைக்கும். சிக்கல் கழுவுவதில்தான். கத்தரிக்கோலின் கீலில் ரத்தம் உலர்ந்துவிட்டால் நீராவி அங்கே எட்டாது. எனவே பயன்படுத்தியவுடன் ஈரத்துணியால் மூடி அனுப்புங்கள். உப்புக்கரைசலில் ஊறவைக்க வேண்டாம்; எஃகில் குழி விழும்.

ஆட்டோகிளேவைப் பாதி காலியாக ஓட்டினாலும் மின்செலவு பெரிதாகக் குறையாது. அவசரமில்லை என்றால் நிரம்பட்டும்.

உலக சுகாதார நிறுவனக் கணக்கில் மருத்துவக் கழிவில் சுமார் 85 விழுக்காடு சாதாரணக் குப்பைதான். வெற்று உறைகளைத் தொற்றுக் கழிவுப் பையில் திணிக்காதீர்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கிருமிநீக்கிய கருவிப் பொட்டலங்களை முன்கூட்டியே பிரித்து வைக்கும் பழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள்.