வாடகையில் பேரம் பேசுங்கள், கூலியில் பேசாதீர்கள்

அன்புள்ள அக்கா,

பாதி வேலை, பாதி ஓய்வு என்று வெளிநாட்டில் குடியேறும் முடிவுக்கு நீங்களும் அத்தானும் வந்துவிட்டதில் ரொம்ப மகிழ்ச்சி. "இங்கே நடுத்தரமாக வாழப் போதுமான பணம் அங்கே வசதியாகவே வாழ வைக்குமாம். சுற்றிலும் இல்லாதவர்கள் இருக்க, நாம் மட்டும் அப்படி வாழ்வது சரிதானா?" என்று கேட்டிருந்தீர்கள். சரிதான். ஆனால் உங்கள் பணம் அங்கே எதனால் பெருகுகிறது என்று தெரிந்துகொண்டு வாழ வேண்டும்.

மடிக்கணினியோ விமான டிக்கெட்டோ ஏழை நாட்டில் பெரிதாகக் குறைந்துவிடாது. மலிவாகக் கிடைப்பது மனித உழைப்பு: முடி திருத்துவது, வீடு கூட்டுவது, சமைப்பது, வண்டி ஓட்டுவது. முடி திருத்துபவர் கையில் இருக்கும் கத்தரிக்கோல் இரண்டு ஊரிலும் ஒன்றுதான், ஆகும் நேரமும் ஒன்றுதான். தொழிற்சாலை உற்பத்தித்திறன் உயர்ந்த நாட்டில் தொழிலாளர் கூலி ஏறுகிறது, அதோடு சேர்ந்து அவர் கூலியும் உயர்ந்துவிடுகிறது, உயராத நாட்டில் அப்படியே கிடக்கிறது. பொருளாதார அறிஞர்கள் பேலா பலாசாவும் பால் சாமுவேல்சனும் 1964இல் தனித்தனியே எழுதிக் காட்டியது இதைத்தான். ஆக, அங்கே உங்களுக்குக் கிடைக்கப்போகும் வசதியில் பெரும்பகுதி இன்னொருவருடைய குறைந்த கூலி. அதற்காக வருந்திக்கொண்டே இருப்பதால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. எங்கே கையை இறுக்குவது, எங்கே விரிப்பது என்று தெரிந்தால் கிடைக்கும்.

போனதும் எல்லோரும் ஒரு புத்தி சொல்வார்கள்: "அதிகம் கொடுத்து ஊர் விலையைக் கெடுத்துவிடாதீர்கள்." வீட்டு வாடகைக்கு இது முழுக்கப் பொருந்தும். கூலிக்கு நான் ஒப்பமாட்டேன். வாடகையில் நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது வீட்டுக்காரருக்குப் போகிறது, அடுத்து அதே தெருவில் வீடு தேடும் உள்ளூர்க் குடும்பத்திடமும் அந்தத் தொகையைத்தான் கேட்பார்கள். கூலியில் கூடுதலாகக் கொடுப்பது உழைப்பவர் வீட்டுக்குப் போகிறது. பக்கத்து வீட்டிலும் கூலி ஏறினால் ஏறட்டுமே!

அதனால் வீட்டை இங்கிருந்தபடியே இணையத்தில் பார்த்து முடிக்காதீர்கள். அங்கே காட்டும் விலை பெரும்பாலும் வெளிநாட்டவருக்கென்று வைத்த விலை. முதல் மாதம் ஒரு விடுதியில் தங்குங்கள். பிடித்த தெருக்களில் நடந்து, அங்கே குடியிருப்பவர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்று மூன்று நான்கு பேரிடம் கேளுங்கள். பார்க்கும் ஒவ்வொரு வீட்டிலும் "இதற்குமுன் யார் இருந்தார்கள், ஏன் காலி செய்தார்கள்?" என்று விசாரியுங்கள். நீங்கள் வருவதற்காகவே ஒரு குடும்பத்தைக் கிளப்பியிருந்தால் அந்த வீடு வேண்டாம். ஒப்பந்தம் உள்ளூர் நாணயத்தில், குறைந்தது 12 மாதத்துக்கு இருக்கட்டும். ஆண்டு உயர்வு எத்தனை சதவீதம், முன்னறிவிப்பு எத்தனை நாள், முன்பணம் எந்த நாளுக்குள் திரும்ப வரும் என்ற மூன்றும் எழுத்தில் வேண்டும். டாலரில் எழுதினால் உள்ளூர் நாணயம் விழும்போதெல்லாம் அந்தத் தெருவின் வாடகைக்கு நீங்களே ஏணி வைத்துக் கொடுத்ததாகும்.

இனி வீட்டு வேலைக்கு வருபவர். இங்கேதான் நல்லவர்களும் தெரியாமல் தப்பு செய்கிறார்கள். வாரத்தில் 3 நாள், நாளுக்கு 4 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 12 மணி, மாதம் நான்கு வாரம், ஆக 48 மணி என்று கணக்குப் போட்டுச் சம்பளம் பேசிவிடுவோம். ஆனால் ஆண்டுக்கு 52 வாரம். 12ஐ 52ஆல் பெருக்கினால் 624 மணி, அதை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 52 மணி. மாதந்தோறும் 4 மணி நேரம், ஆண்டுக்கு 48 மணி நேரம், அதாவது நான்கு வார உழைப்பு கணக்கில் வராமலே போய்விடுகிறது. யாரும் ஏமாற்ற நினைத்திருக்க மாட்டார்கள், ஆனாலும் நஷ்டம் அவருக்குத்தான்.

மணிக்கு எவ்வளவு என்பதற்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலியைத் தரையாக வையுங்கள், கூரையாக அல்ல. அதற்குமேல் போக்குவரத்துச் செலவு, சம்பளத்தோடு விடுப்பு, நோய் நாட்களுக்கான ஊதியம் சேரட்டும். நீங்கள் இரண்டு மாதம் ஊருக்கு வந்தாலும் அவருக்குச் சம்பளம் ஓட வேண்டும். அந்த இரண்டு மாதமும் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தாக வேண்டுமே. பழைய துணியும் மீந்த சாப்பாடும் சம்பளத்தில் சேராது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டு வேலை செய்பவர்களுக்காக 2011இல் கொண்டுவந்த 189ஆம் உடன்படிக்கை நல்ல அளவுகோல்: வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு, மாதம் ஒருமுறையாவது ஊதியம், அடையாள ஆவணங்கள் அவரவர் கையிலேயே. அந்த நாடு அதை ஏற்றிருக்கிறதோ இல்லையோ, உங்கள் வீட்டில் ஏற்றுக்கொள்ளுங்கள். நிபந்தனைகளை அவருக்குப் புரியும் மொழியில் ஒரே பக்கத்தில் எழுதி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு வருபவர் சில சமயம் சம்பளத்தில் முன்பணம் கேட்பார். கொடுங்கள், ஆனால் சின்னத் தொகையாக, வட்டியில்லாமல், தேதி போட்டு எழுதி. மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்காதீர்கள். கடன் பெரிதானால் வேறு நல்ல வேலை வந்தாலும் அவரால் போக முடியாது. அவர் விலகும்போது பாக்கி இருந்தால் அதை விட்டுவிடுவதே நல்லது.

இந்தச் செலவையெல்லாம் பட்ஜெட்டில் எங்கே வைப்பது என்பது முக்கியம். நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994இல் அமெரிக்கச் சந்தைத் தரவை வைத்துச் சொன்ன 4 சதவீதக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: முதல் ஆண்டு சேமிப்பில் 4 சதவீதம், பிறகு பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்தி எடுத்தால் 30 ஆண்டு தாங்கும். 40 ஆண்டு ஓட வேண்டிய பணத்துக்கு அது கொஞ்சம் தாராளம். நாணய மாற்று விகிதம் ஏறி இறங்குவதும் அந்தக் கணக்கில் இல்லை. பகுதி நேர வருமானம் இங்கேதான் கைகொடுக்கும். ஆண்டுக்கு ஒரு ரூபாய் சம்பாதித்தால், அதே 4 சதவீதக் கணக்கில் 25 ரூபாய் சேமிப்புக்குச் சமம். தொடக்க ஆண்டுகளில் பங்குச் சந்தை சரிந்தால்தான் ஆபத்து அதிகம். அப்போது எதை வெட்டுவது என்று இப்போதே வரிசை போடுங்கள். முதலில் பயணம், பிறகு வெளிச்சாப்பாடு, அதற்கடுத்து வீட்டுச் சாமான். வேலைக்கு வருபவரின் சம்பளத்தை வாடகை, மருத்துவக் காப்பீடு இருக்கும் வரிசையில், கடைசியில் தொடும் செலவாக வையுங்கள்.

விசா விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஓய்வு விசா பல நாடுகளில் வேலை செய்ய அனுமதிப்பதில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கணினி வழியாகச் செய்வதும் வேலையாகக் கருதப்படலாம், அதற்கு அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆண்டில் 183 நாளுக்கு மேல் தங்கினால் வரி என்பது பல நாடுகளின் விதி. அதற்குக் கீழே இருந்தாலும் வீடும் குடும்பமும் அங்கேயே இருந்தால் வரி வரக்கூடும். கட்ட வேண்டியது வந்தால் கட்டிவிடுங்கள், அந்த ஊர்ச் சாலையும் ஆஸ்பத்திரியும் நீங்களும் பயன்படுத்துபவைதானே. சேவை என்று இலவசமாகப் பாடம் நடத்தப் போவதற்கு முன்னும், அந்த இடத்தில் சம்பளம் வாங்கும் உள்ளூர் ஆசிரியர் இருக்கிறாரா என்று பாருங்கள்.

வீட்டு ஒப்பந்தத்தின் வரைவு கைக்கு வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள். வாடகை உயர்வுப் பத்தியைச் சேர்ந்து படித்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் தம்பி