இருவர் எழுதிய நிரலில் இருவர் பெயரும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கீழக்கரைப் பக்கம் ஒரு கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் பயிற்றுநராக இருக்கிறேன். இறுதியாண்டு மாணவர்கள் ஒரே கணினி முன் இருவராக உட்கார்ந்துதான் புராஜெக்ட் செய்கிறார்கள். ஒருவர் தட்டச்சு செய்வார். அருகில் இருப்பவர் பிழை பார்த்து அடுத்த அடியைச் சொல்வார். நல்ல முறைதான். வேலையைப் பதியும்போதுதான் அநியாயம் நடக்கிறது.

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைப்பது கிட் மென்பொருள். அதில் ஒவ்வொரு பதிவுக்கும் கமிட் என்று பெயர். ஒரு கமிட்டுக்கு ஆசிரியர் ஒருவரே. கணினியில் யார் பெயர் பதிந்திருக்கிறதோ அவர் பெயர்தான் ஏறும். மீன் ஏலக் கணக்குக்குச் செயலி எழுதிய இரு மாணவிகளைச் சொல்கிறேன். வியாபாரி வாரியாகப் பாக்கியைக் கழிக்கும் பகுதி முழுவதையும் யோசித்துச் சொன்னவர் பாம்பனிலிருந்து பஸ்ஸில் வரும் மீனவர் வீட்டுப் பெண். சொந்த மடிக்கணினி இல்லாததால் தோழியுடைய கணினியில்தான் வேலை. அந்தப் பதிவுகளை இணையத்தில் காட்டும் கிட்ஹப் தளத்தின் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை தோழியின் பெயர் மட்டுமே. வேலைக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் கேட்டார்கள். இவரிடம் காட்ட ஒன்றுமில்லை. இந்தக் கரையில் வலை இழுத்தவர் ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. படகுக்கும் வலைக்கும்கூடப் பங்கு வைக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பங்கில்லை என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இதற்கு வழி இருக்கிறது. கமிட்டோடு எழுதும் குறிப்பான கமிட் செய்தியின் முடிவில் ஒரு வரி இடைவெளி விட்டு, 'கோ-ஆதர்டு-பை' (Co-authored-by:) என்று ஆங்கிலத்தில் தொடங்கி மற்றவர் பெயரையும் மின்னஞ்சலையும் எழுத வேண்டும். 2018 முதல் கிட்ஹப் இருவரையும் காட்டுகிறது. ஒவ்வொரு முறையும் இதைக் கையால் எழுத யாருக்குப் பொறுமை இருக்கும்? அதற்குத்தான் 'கிட் மாப்' (git mob) என்ற இலவசக் கருவி. பெயர்களை ஒருமுறை பதிந்து வைத்தால் போதும். உட்காரும்போது, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் 'கிட் மாப்' என்று அடித்து, துணைவரின் முதலெழுத்துகளைக் கொடுத்தால் அந்த வரி தானே சேரும். தனியாக வேலை செய்யும்போது 'கிட் சோலோ' (git solo) என்று அடித்தால் போதும். கமிட் செய்தியைக் கட்டளையோடு சேர்த்தே அடிப்பவர்கள் அதற்குரிய ஹூக்கையும், அதாவது கமிட் செய்யும்போது தானே இயங்கும் சிறு நிரலையும், அமைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் பெயர் விடுபட்டுப்போகும். சொந்த மின்னஞ்சலை ஊரறியக் காட்டத் தயங்கும் மாணவிகள், கிட்ஹப் தரும் மாற்று முகவரியைக் கொடுக்கலாம். அதுவும் அவர்கள் கணக்கிலேயே சேரும்.

மதிப்பெண் போடும் பேராசிரியர்கள் அறிக்கையின் அட்டையோடு நின்றுவிடாமல், கமிட் வரலாற்றில் இருவர் பெயரும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இதைக் கற்றுத்தர ஆய்வகத்தில் ஒரு மணி நேரம் போதும். வரும் பருவத்தின் முதல் வகுப்பிலேயே பல்கலைக்கழகங்கள் அதை ஒதுக்கித் தர வேண்டும்.

இப்படிக்கு,
கணினி ஆய்வகப் பயிற்றுநர் ஒருவர்,
இராமநாதபுரம் மாவட்டம்