சோதனையில் இருப்பதைச் சிகிச்சை என்று விற்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயை ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசியால் அடியோடு குணப்படுத்தலாம் என்று கூறும் விளம்பரங்கள் நாளிதழ்களிலும் கைப்பேசிகளிலும் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. சி.ஓ.பி.டி. என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நோயோடு என் தாயார் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அவருடைய கடைசிக் காலத்தில் நானும் அத்தகைய மையம் ஒன்றுக்கு அவருடைய மருத்துவ அறிக்கைகளை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர் மூச்சுத் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையின் முடிவைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், பணத்தை ஒரே தவணையில் கட்டுகிறீர்களா இரண்டாகக் கட்டுகிறீர்களா என்று கேட்டார். நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். ஆனாலும், "அந்த ஊசியைப் போட்டிருந்தால் மூச்சு வந்திருக்குமோ?" என்று அம்மா பிறகு ஒருநாள் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று தெரியாத பதிலை அதன்பின் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த நோயில் நம்பிக்கை எளிதில் விலைபோவதற்குக் காரணம் நோயின் தன்மையிலேயே இருக்கிறது. நம் நுரையீரலில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் உள்ளன. புகையிலையாலோ, விறகடுப்புப் புகையாலோ, பணியிடத் தூசியாலோ அவற்றின் மெல்லிய சுவர்கள் சிதையும்போது, பல சிறு அறைகள் சேர்ந்து சில பெரிய பைகளாகிவிடுகின்றன. நுரையீரல் தன் நெகிழ்வை இழக்க, உள்ளே போன காற்று முழுதாக வெளியேறாமல் தேங்குகிறது. இன்ஹேலர் மருந்து மூச்சுக் குழாய்களை விரித்துக் கொடுக்குமே தவிர, சிதைந்த சுவரை அதனால் கட்டித்தர இயலாது. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இந்நோயால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இழந்த சுவர் மீண்டும் வளரும் என்று ஒருவர் சொன்னால், படுத்துறங்க முடியாமல் இரவெல்லாம் உட்கார்ந்தே கழிக்கும் நோயாளி அதை நம்பாமல் என்ன செய்வார்?

ஸ்டெம் செல் என்பதே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பல்லாயிரம் ரத்தப் புற்றுநோயாளிகளைக் காப்பாற்றியிருக்கிறது. அதற்கு வழிவகுத்த அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸுக்கு 1990இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால், ரத்த நாளத்தில் செலுத்திய செல் மஜ்ஜையைத் தேடிப்போய்க் குடியேறிப் பெருகுவதுபோல நுரையீரலில் நடப்பதில்லை. மஜ்ஜை, கொழுப்பு போன்றவற்றிலிருந்து எடுக்கும் மீசன்கைமல் வகை ஸ்டெம் செல்களைக் கையிலுள்ள ரத்த நாளத்தின் வழியே செலுத்தினால், அவற்றில் பெரும்பாலானவை நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் சிக்கிக்கொள்கின்றன. இதையே, "செல்கள் நேராக நுரையீரலுக்குச் சென்று சேர்கின்றன" என்று விளம்பரம் செய்கிறார்கள். சேர்வது உண்மைதான். ஆனால் சில நாட்களுக்குள் அவை பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. அங்கே வேரூன்றிப் புதிய காற்றறைகளாக மாறுவதில்லை. அவை சுரக்கும் பொருட்கள் அழற்சியைத் தணிக்கக்கூடும் என்பதே ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு.

அந்த எதிர்பார்ப்பும் முறையாகச் சோதிக்கப்பட்டிருக்கிறது. 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 62 நோயாளிகள் பங்கேற்றனர். ஒரு பகுதியினருக்கு மாதம் ஒருமுறை வீதம் நான்கு முறை இந்தச் செல்களையும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத திரவத்தையும் செலுத்தி, இரண்டு ஆண்டுகள் கண்காணித்தார்கள். செல்களால் தீங்கு நேரவில்லை. ஆனால் மூச்சுத் திறனிலும் சரி, வாழ்க்கைத் தரத்திலும் சரி, இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடும் தென்படவில்லை. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவு தொடக்கத்திலேயே கூடுதலாக இருந்தவர்களிடம் மட்டும் அது குறைந்தது. இந்த ஆய்விலிருந்து "பாதுகாப்பானது" என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றப் பாதியை மறைப்பதுதான் எனக்குப் பெரும் வேதனையைத் தருகிறது.

எலிகளிடம் கிடைத்த வெற்றியைக் காட்டி விற்பவர்களும் உண்டு. 1997இல், வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ரெட்டினாயிக் அமிலம் எலிகளின் சிதைந்த நுரையீரலில் காற்றறைகளை மீண்டும் வளர்த்ததாக வந்த செய்தி பெரும் பரபரப்பை உண்டாக்கியது. பிறகு மனிதர்களிடம் சோதித்தபோது தெளிவான பலன் எதுவும் கிடைக்கவில்லை.

ஆய்வு நின்றுவிடவில்லை என்பதையும் மகிழ்ச்சியோடு சொல்லியாக வேண்டும். நோயாளியின் மூச்சுக் குழாயிலிருந்தே மூலச் செல்களை எடுத்து, பெருக்கி, அவருடைய நுரையீரலுக்குள்ளேயே திரும்பச் செலுத்தும் முறையைச் சீன ஆய்வாளர்கள் ஒரு சிறு குழுவில் முயன்று, நம்பிக்கையூட்டும் முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். சிகிச்சை பெற்றவர்கள் இருபது பேருக்கும் குறைவு என்பதால் பெரிய ஆய்வுகள் இனித்தான் வரவேண்டும். அவை வெல்ல வேண்டும் என்று என்னைவிட அதிகமாக விரும்புபவர் இருக்க முடியாது.

அதுவரை காத்திருக்காமல் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு நிகழ்வைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், உடல் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களைக் கண்களில் செலுத்திக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையிழந்தது 2017இல் மருத்துவ இதழில் பதிவாயிற்று. அது கண், இது நுரையீரல் என்று ஒதுக்கிவிட முடியாது. அரசின் ஆய்வுப் பதிவேட்டில் இருந்த குறிப்பைப் பார்த்தே அவர்களில் சிலர் அங்கே சென்றிருந்தனர். அங்கே நோயாளியிடமே பணம் வாங்கினார்கள். ஆகவே, "பதிவு பெற்ற ஆய்வு" என்ற சொல் ஒன்றே போதுமான சான்றாகாது.

உடலுக்குத் தீங்கு நேராவிட்டாலும், அந்தப் பணத்தில் செய்திருக்கக்கூடியவை கைநழுவிப் போகின்றன. புகையை விடுவது, இன்ஹேலரைச் சரியான முறையில் இழுக்கக் கற்பது, தடுப்பூசிகள், ரத்தத்தில் ஆக்ஸிஜன் மிகவும் குறைந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 15 மணி நேரமாவது ஆக்ஸிஜன் என, பலன் உறுதியான வழிகள் பல உள்ளன. எட்டு வாரம் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி பெற்ற பிறகு, என் தாயார் குளிக்கும்போது நடுவில் உட்காராமல் குளித்து முடித்தார். விளம்பரத்தில் போட முடியாத அளவுக்குச் சிறிய முன்னேற்றம் அது. ஆனால் அன்று அவர் முகத்தில் இருந்த நிறைவை நான் மறக்கவில்லை.

எனவே, தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். நுரையீரல் நோய்க்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று விளம்பரமோ செய்தியோ வந்தால், அதை மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எந்த நோய்க்காக அனுமதித்துள்ளது, நோயாளியிடம் கட்டணம் வாங்கப்படுகிறதா, ஒப்பீட்டுக் குழுவோடு நடந்த ஆய்வின் முடிவு எங்கே வெளியானது, பக்கவிளைவு ஏற்பட்டால் பொறுப்பேற்பது யார் என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெற்ற பின்னரே அச்சிடுங்கள். பதில் வராவிட்டால் விளம்பரத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி